நான்கு சப்நெட், எத்தனை வேலி?

ஒரு நடுத்தர ஊரின் இரத்தப் பரிசோதனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையில் இரண்டு கணினி, கணக்குக்கு ஒன்று, மருத்துவர் அறையில் ஒன்று. ரிப்போர்ட் அடிக்க ஒரு பிரிண்டர். முடிவுகளைச் சேமித்து வைக்க ஒரு சர்வர். உள்ளறையில் இரத்த அணுக்களை எண்ணும் அனலைசர். அதோடு இணைந்து விண்டோஸ் 7 ஓடும் ஒரு பழைய கணினி. சுவர்களில் பன்னிரண்டு கேமரா, அவற்றின் பதிவுக்கு ஓர் என்விஆர். வாசலருகே கைரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி. காத்திருக்கும் நோயாளிகளுக்கு வைஃபை. இத்தனையும் ஒரே ரவுட்டரின் கீழ், ஒரே 192.168.1 வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. நோயாளியின் கைப்பேசிக்கும் அவர் பக்கத்து வீட்டுக்காரரின் இரத்த முடிவு இருக்கும் சர்வருக்கும் நடுவே எதுவும் இல்லை.

இந்த இடத்துக்கு வரும் இன்ஸ்டாலர், “நாலா பிரிச்சுக் கொடுத்துடறேன் சார். ஸ்பீடும் கூடும், சேஃப்டியாவும் இருக்கும், எது எங்க இருக்குன்னும் தெரியும்” என்கிறார். அவர் சொல்வது நடக்கக்கூடியதே. டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பெட்டிகளே இன்று பல சப்நெட்டுகளைத் தாங்குகின்றன. செய்ய முடியுமா என்பது இனிக் கேள்வியே அல்ல. செய்வதால் என்ன கிடைக்கிறது, அதற்கு என்ன விலை, யாருக்கு அது தகும் என்பவைதான் கேள்விகள். வேகம், பாதுகாப்பு, ஒழுங்கு என்ற மூன்று வாக்குறுதிகளையும் தனித்தனியாக எடை போட வேண்டும். “பிரித்துவிட்டோம்” என்று நம்பிக்கொண்டிருக்கும் பல அலுவலகங்களில் உண்மையில் எதுவும் பிரிந்திருக்கவில்லை. நம்பிக்கை மட்டும் இருந்து வேலி இல்லாத நிலை, வேலியே இல்லை என்று தெரிந்திருக்கும் நிலையைவிட ஆபத்தானது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். சப்நெட் என்பது முகவரி வரிசை. 10.20.10.0/24 என்றால் முதல் மூன்று எண்கள் நிலையாக நிற்க, கடைசி எண் மட்டும் மாறும், 254 கருவிகளுக்கான இடம். வி-லேன் என்பது கம்பியைப் பிரிப்பது. 1998இல் வெளியான 802.1க்யூ நெறிப்படி ஒவ்வொரு ஃபிரேமிலும் நான்கு பைட் நீளமுள்ள ஒரு டேக் செருகப்படுகிறது. அதிலுள்ள எண்ணைப் பார்த்து, இது எந்தப் போர்ட்டுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று சுவிட்ச் முடிவு செய்கிறது. மூன்றாவது, ஃபயர்வால் விதி: ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு ரவுட்டர் எதை விடும், எதை மறிக்கும் என்பது. முகவரி, கம்பி, விதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பிரிவு. ஒன்று குறைந்தாலும் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

முகவரியை மட்டும் பிரித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய சிறு நிறுவன ரவுட்டர்கள் சிலவற்றில் ‘மல்ட்டிபிள் சப்நெட்’ என்ற பெயரிலேயே ஒரு வசதி உண்டு. சிஸ்கோவின் ஆர்வி042 அவற்றில் ஒன்று. அதை இயக்கி 192.168.2.1 என்று இன்னொரு முகவரியைச் சேர்த்தால், ரவுட்டர் இரண்டு வரிசைகளுக்கும் கேட்வே ஆகிவிடும். ஆனால் கம்பி ஒன்றே. கேமராக்களை 192.168.2 வரிசைக்கு மாற்றிவிட்டோம் என்று நாம் நிம்மதி அடையும்போது, அதே சுவிட்சில் மாட்டியிருக்கும் ஒருவர் தன் கணினிக்குக் கையால் 192.168.2.50 என்று போட்டால் போதும், கேமராவோடு நேரே பேசலாம். அந்தப் பேச்சு ரவுட்டர் பக்கமே வராது. ரவுட்டரில் எழுதிய எந்த விதியும் அதைத் தொடாது. முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியும் இங்கே தடுமாறும். முகவரி கேட்டு வரும் கருவிக்கு அந்த நேரத்தில் முகவரியே கிடையாது; 0.0.0.0 என்று வருகிறது. எல்லாம் ஒரே கம்பியில் வருவதால், எந்த வரிசையிலிருந்து முகவரி கொடுப்பது என்று தெரிந்துகொள்ள ரவுட்டருக்கு இயல்பான வழி இல்லை. பழைய வரிசையிலிருந்து புதியதுக்கு மாறும் சில நாட்களுக்கு இந்த ஏற்பாடு உதவும். அதற்கு மேல் இதைப் பிரிவு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இனி இந்தக் கட்டுரையில் சப்நெட் என்று நான் சொல்வது, தனக்கென்று ஒரு வி-லேன் உள்ள சப்நெட்டைத்தான்.

முதல் வாக்குறுதி வேகம். இதன் பின்னுள்ள வாதம் எளியது. ஒரே வரிசையில் உள்ள கருவிகள் “இந்த முகவரி யாருடையது?” என்று எல்லாரையும் நோக்கிக் கூவிக்கொண்டே இருக்கின்றன, அந்தக் கூச்சல் நெட்வொர்க்கை அடைக்கிறது, பிரித்தால் கூச்சல் குறையும் என்பது. ஆயிரக்கணக்கான கருவிகள் உள்ள வளாகத்துக்கு இது பொருந்தும். நம் பரிசோதனை நிலையத்தில் நிலையான கருவிகள் இருபத்தைந்தைத் தாண்டாது. அவை கூவுவது விநாடிக்குச் சில சிறு பாக்கெட்டுகள். கிகாபிட் சுவிட்சுக்கு அது பொருட்டே அல்ல. இணையம் மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் வெளி லைனிலோ, தவறான இடத்தில் மாட்டிய வைஃபை பெட்டியிலோ, யாரோ ஒருவர் தரவிறக்கும் பெரிய கோப்பிலோ இருக்கும்.

முகவரி தீர்ந்துபோகிறது என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்படும். நாளொன்றுக்கு நூற்றைம்பது நோயாளிகள் வந்து வைஃபையில் இணைந்தால், ஒவ்வொரு கைப்பேசியும் லீஸ் எனப்படும் ஒதுக்கீட்டுக் காலம் முழுக்க ஒரு முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லீஸ் ஒரு நாள் என்று இருந்தால், போனவரின் இடம் மறுநாள் வரை காலியாகாது. இதற்கு மருந்து லீஸை ஒரு மணி நேரமாகக் குறைப்பது. அதுவும் போதாவிட்டால் /24ஐ /23 ஆக்கினால் 510 இடம் கிடைக்கும். இரண்டும் ஐந்து நிமிட வேலை, பிரிவினை தேவையில்லை.

பிரிப்பதால் வேகம் குறையவும் கூடும் என்பதை இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரே சப்நெட்டுக்குள் ஒரு கணினி சர்வரிலிருந்து கோப்பை எடுத்தால், அந்தப் போக்குவரத்து சுவிட்சோடு முடிந்துவிடும். இரண்டையும் வெவ்வேறு சப்நெட்டில் வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் ரவுட்டர் வரை ஏறி இறங்க வேண்டும். சிறு ரவுட்டரின் செயலி இணைய லைனின் வேகத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உள்ளுக்குள் ஓடும் கிகாபிட் போக்குவரத்தை, அதுவும் விதிகளைச் சரிபார்த்துக்கொண்டே கடத்த, பல பெட்டிகளுக்குச் சக்தி போதாது. கேமராவை வைத்துக் கணக்கிடலாம். இரண்டு மெகாபிக்ஸல் கேமரா ஏறக்குறைய 4 எம்பிபிஎஸ் அனுப்பும், பன்னிரண்டுக்கு 48. கேமராக்களை ஒரு சப்நெட்டிலும் என்விஆரை இன்னொன்றிலும் வைத்தால் இந்த 48 எம்பிபிஎஸ் இரவும் பகலும் ரவுட்டர் வழியாக ஓடும். என்விஆரைக் கேமராக்களோடே வைத்தால் ரவுட்டருக்கு ஒரு துளியும் வராது. ஆகவே வேகத்துக்காகப் பிரிப்பது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஐம்பது கருவிகளுக்கு உட்பட்ட இடத்தில் வேகம் பிரிவினையின் பயன் அல்ல. பிரிக்கும்போது காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று.

இரண்டாவது வாக்குறுதி பாதுகாப்பு. இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் பரவத் தொடங்கியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகளில் கோப்புப் பகிர்வுக்கான 445 என்ற போர்ட் எண் வழியாக அது நுழைந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்தக் கணினியின் சொந்த முகவரியையும் சப்நெட் அளவையும் படித்து, அதே வரிசையில் உள்ள ஒவ்வொரு முகவரியின் கதவையும் தட்டிப் பார்ப்பது. நம் பரிசோதனை நிலையத்து அனலைசர் கணினியை இப்போது நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. அதை மாற்றவும் முடியாது. கருவி விற்றவர் கொடுத்த மென்பொருள் அதில்தான் ஓடும், கருவியோ லட்சக்கணக்கில் போட்டு வாங்கியது. திருத்தம் போட முடியாத கணினிக்கு எஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு, அதைத் தட்டிப் பார்க்க யாரும் பக்கத்தில் இல்லாமல் வைப்பது. இந்தக் கணினிக்குத் தனி சப்நெட் கொடுப்பது ஆடம்பரம் அல்ல.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் உற்பத்தியாளரான டிஎஸ்எம்சியின் ஆலைகளில் வானாக்ரையின் ஒரு வகை பரவி உற்பத்தி நின்றது. புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை வைரஸ் சோதனை இல்லாமல் நெட்வொர்க்கில் இணைத்ததே தொடக்கம். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து ஏறக்குறைய 4 கோடி அட்டைகளின் விவரம் திருடுபோனது. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைக் கொண்டு. அங்கிருந்து பணம் வாங்கும் இயந்திரங்கள் வரை அவர்களால் நடந்து போக முடிந்தது. முக்கியமான பகுதிகளைச் சரியாகத் தனிமைப்படுத்தாததையே 2014 மார்ச்சில் வெளியான அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. கேமராவின் கதையும் தெரிந்ததே. மிராய் என்ற நிரல் ஆலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்று, கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிப் படையாக்கியது. 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அது தாக்கியபோது பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின.

இந்த நிகழ்வுகள் ஒன்றைத்தான் சொல்கின்றன. நம்பிக்கை குறைந்த பொருளும் நம்பிக்கை மிகுந்த பொருளும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இது பிரிவினைக்கு வலுவான வாதம். ஆனால் சிறு ரவுட்டரில் சப்நெட் உண்டாக்கினால் இந்தப் பலன் தானாக வந்துவிடுமா? வராது.

காரணம், ரவுட்டரின் பிறவித் தொழில் வழிவிடுவது. நான்கு சப்நெட் உண்டாக்கினால் நான்குக்கும் நடுவே அது உடனே பாதை போட்டுவிடும். டிபி-லிங்க் ஒமாடா, யூபிக்விடி யூனிஃபை, மைக்ரோடிக் ஆகியவற்றின் ஆரம்ப அமைப்பில் உள் சப்நெட்டுகள் ஒன்றோடொன்று தடையின்றிப் பேசலாம். மறிப்பது நம் வேலை. பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் இதற்கு நேர்மாறு. அதில் புதிதாகச் சேர்க்கும் இடைமுகத்தில் விதி எழுதும் வரை எதுவும் வெளியேறாது. முன்னவற்றில் நான்கு சப்நெட் போட்டு, நான்கு வைஃபை பெயர் வைத்து, ஒரு விதியும் எழுதாமல் போனால், 10.20.40 வரிசையில் உட்கார்ந்த நோயாளியின் கைப்பேசி 10.20.10 வரிசை சர்வரை இயல்பாக எட்டும். முகவரி வேறு, வைஃபை பெயர் வேறு, ஆனால் வாசல் திறந்தே கிடக்கிறது. இந்தக் குறையை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன்.

விதி எழுதியவர்களும் மூன்று இடங்களில் கோட்டைவிடுகிறார்கள். ஒன்று, சப்நெட்டுகளுக்கு நடுவே மறித்துவிட்டு ரவுட்டரையே மறந்துவிடுவது. விருந்தினர் வைஃபையில் உள்ளவர் 10.20.40.1 என்று உலாவியில் அடித்தால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வந்து நிற்கும். அதற்குத் தனி விதி வேண்டும். இரண்டு, திரும்பி வரும் பேச்சு. “கேமராவிலிருந்து அலுவலகத்துக்கு எதுவும் வரக் கூடாது, அலுவலகத்திலிருந்து கேமராவைப் பார்க்கலாம்” என்பதுதான் நாம் வேண்டுவது. உரையாடலை நினைவில் வைக்கும் ஃபயர்வாலில் இது ஒரு வரி. நினைவில் வைக்காத எளிய வடிகட்டிகளில், முதல் விதி போட்டதும் கேமராவின் பதிலும் மறிக்கப்பட்டுப் படம் வராமல் போகும். படம் வரவில்லை என்று முதலாளி கூப்பிட்டதும் அந்த விதியே அழிக்கப்படும். வாங்கும் முன்பே இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. விதிகளை ஐபிவி4க்கு மட்டும் எழுதிவிட்டு, ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐபிவி6ஐத் திறந்து வைத்தால், பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. இரண்டுக்கும் விதி எழுதுங்கள், அல்லது தேவைப்படாத சப்நெட்டில் ஐபிவி6ஐ நிறுத்துங்கள்.

ஆகவே பாதுகாப்பு வாக்குறுதி உண்மை, ஆனால் நிபந்தனையோடு. பலன் சப்நெட்டிலிருந்து வருவதில்லை. சப்நெட் என்பது வேலி போடுவதற்கான எல்லைக்கோடு. வேலி என்பது விதி.

மூன்றாவது வாக்குறுதி ஒழுங்கு. இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை; எனக்கு இது மதிப்புள்ளதாகவே படுகிறது. வி-லேன் 30 என்றால் 10.20.30 வரிசை, அது கேமரா என்று எண்ணையே பெயராக்கிவிட்டால், லாகில் ஒரு முகவரியைப் பார்த்த நொடியில் அது என்ன வகைக் கருவி என்று தெரியும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்வது என்று தேடும்போது ஒழுங்கான முகவரித் திட்டம் கைகொடுக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றே வருகிறது. அதன் பின்னால் நம் ரவுட்டரை மாட்டி உள்ளேயும் அதே வரிசையை வைத்தால், எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் ரவுட்டர் குழம்பும். மருத்துவர் தன் வீட்டிலிருந்து விபிஎன் மூலம் ரிப்போர்ட் பார்க்க முயன்றாலும் இதே மோதல் வரும். அவர் வீட்டிலும் 192.168.1தான். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1994இலேயே மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டன: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. எல்லாரும் மூன்றாவதன் முதல் இரண்டு வரிசைகளிலேயே குவிந்திருக்கிறார்கள். பிரிக்கிறோமோ இல்லையோ, 10இல் தொடங்கும் ஒரு தனி வரிசைக்கு மாறுவது எல்லாருக்கும் நல்லது.

இனி விலை. பணத்தைப் பொறுத்தவரை முதல் செலவு சுவிட்ச். வி-லேன் தெரியாத சாதாரண சுவிட்சில் மாட்டிய எல்லாக் கருவியும் ஒரே வி-லேனில்தான் விழும். ஓர் அறையில் கணினியும் கேமராவும் ஒரே சுவிட்சிலிருந்து போகின்றன என்றால் அந்தச் சுவிட்சை மாற்றியாக வேண்டும். எட்டுப் போர்ட் ஸ்மார்ட் சுவிட்சுகள் மலிவாகிவிட்டதால் இது தாங்கக்கூடிய செலவுதான்.

தாங்க முடியாத செலவு வேறிடத்தில் இருக்கிறது. பிரித்த மறுநாள் காலை ஒரு பரிசோதனை நிலையத்தின் முன்மேசையிலிருந்து வந்த அழைப்பு இப்போதும் நினைவிருக்கிறது. “அண்ணா, நேத்து வரைக்கும் வந்துட்டிருந்துச்சு. இப்ப பிரிண்டரே காட்டமாட்டேங்குது. பத்துப் பேரு ரிப்போர்ட்டுக்கு நிக்கிறாங்க.” பிரிண்டர் ‘மெஷின்’ என்பதால் அதைக் கருவிகளின் சப்நெட்டில் போட்டிருந்தார்கள். பிரிண்டர்கள் தம் இருப்பை அறிவிப்பது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு. அந்த அறிவிப்பு தன் சப்நெட்டைத் தாண்டாது. கணினியின் பட்டியலிலிருந்து பிரிண்டர் மறைந்துபோனது அதனால்தான். அதை அலுவலக சப்நெட்டுக்கே கொண்டுவந்து, நிலையான முகவரி கொடுத்ததும் சரியானது.

அதைவிட நுட்பமான சிக்கல் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸின் சொந்த ஃபயர்வால், கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்கும் ‘லோக்கல் சப்நெட்’டுக்கு மட்டுமே இயல்பாக அனுமதி தருகிறது. சர்வரை வேறு சப்நெட்டுக்கு நகர்த்தினால், ரவுட்டரில் வழி சரியாகத் திறந்திருந்தாலும் சர்வர் பேசாது. இது தெரியாதவர்கள் ரவுட்டரில் தவறு தேடி மணிக்கணக்கைச் செலவழித்து, கடைசியில் ரவுட்டரின் எல்லா விதிகளையும் நீக்கிப் பார்ப்பார்கள். அப்போதும் வேலை செய்யாது. நீக்கிய விதிகளோ திரும்ப வராது. சிறு இடங்களில் வேலி இப்படித்தான் சாகிறது. உடைப்பது திருடன் அல்ல, அவசரம். ரிப்போர்ட்டுக்கு ஆள் நிற்கும்போது, எது மறிக்கிறது என்று ஆராய்பவரைவிட எல்லாவற்றையும் திறந்துவிடுபவரே அங்கே நல்லவர். ஆகவே பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் உண்மையான விலை. அமைத்தவர் போன பிறகு, எந்த விதி எதற்காக என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ரவுட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறதா? அமைப்பின் நகல் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் ஓராண்டில் அந்தப் பிரிவினை பெயருக்கு மட்டுமே இருக்கும்.

இதைவிட எளிய மாற்று இல்லையா என்று கேட்பது நியாயம். ஒன்று, சாதாரண ரவுட்டரிலேயே உள்ள விருந்தினர் வைஃபை. ஒரு சிறு கடைக்கு அதுவே போதும். ஆனால் கம்பியில் மாட்டும் கேமராவுக்கும் அனலைசருக்கும் அது உதவாது. இன்னொன்று, பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து அலுவலக ரவுட்டரின் பின்னால் மாட்டி, விருந்தினருக்குக் கொடுப்பது. பலர் இதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். பின்னால் உள்ள ரவுட்டருக்கு அலுவலக நெட்வொர்க் ‘வெளியே’ இருக்கிறது. வெளியே போவதற்குத்தான் அது தடையின்றி விடுகிறது. விருந்தினர் அலுவலகத்தை எட்டலாம். அலுவலகத்தால் விருந்தினரைத்தான் எட்ட முடியாது. இந்த ஏற்பாட்டைச் செய்வதாக இருந்தால் விருந்தினர் முன்னாலும் அலுவலகம் பின்னாலும் இருக்க வேண்டும்.

இப்போது தீர்ப்புக்கு வரலாம். என் அளவுகோல் ஒன்றே: ஒரு சப்நெட்டை உண்டாக்கும் முன், “இங்கிருந்து எது அங்கே போகக் கூடாது” என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அந்த சப்நெட் தகும். முடியாவிட்டால் தகாது.

அந்த அளவுகோலில் பரிசோதனை நிலையத்துக்கு நான்கு தகுகின்றன. அலுவலகம்: கணினிகள், சர்வர், பிரிண்டர். அனலைசர்: பழைய கணினி சர்வரின் ஒரே ஒரு போர்ட் எண்ணுக்கு முடிவை அனுப்பலாம், வேறெங்கும் போகக் கூடாது, இணையமும் கிடையாது, கருவி விற்றவர் தொலைவிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குத் திறந்து பிறகு மூட வேண்டும். கேமரா: கேமராக்கள், என்விஆர், வருகைப்பதிவுக் கருவி, அலுவலகம் அவற்றைப் பார்க்கலாம், அவை அலுவலகத்தைப் பார்க்கக் கூடாது. விருந்தினர்: இணையம் மட்டும், மற்ற எதுவும் இல்லை, ரவுட்டர் பக்கமும் இல்லை, ஒரு கைப்பேசி இன்னொன்றைப் பார்ப்பதும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்.

அதே அளவுகோலில் சில விழுகின்றன. வரவேற்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று என்று துறைவாரியாகப் பிரிப்பது தகாது. மூவருக்கும் அதே சர்வர் வேண்டும், அதே பிரிண்டர் வேண்டும். விதியில் போடும் ஓட்டைகள் விதியைவிடப் பெரிதாகிவிடும். சர்வருக்குத் தனி சப்நெட் என்பது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் எல்லாக் கணினிக்கும் கோப்புப் பகிர்வைத் திறந்து வைத்தால், வானாக்ரை போன்றவை வரும் அதே 445ஐத்தான் திறந்து வைக்கிறோம். சர்வரைக் காப்பது அங்கே சப்நெட் அல்ல. தினமும் எடுத்து, கம்பியிலிருந்து கழற்றி வைக்கும் பேக்கப். பத்துக் கருவி மட்டும் உள்ள கடைக்கு நான்கும் வேண்டாம்; நம்முடையது, நம்முடையதல்லாதது என்று இரண்டு போதும். விதிகளைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத இடத்திலும் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆக, வேகத்துக்காகப் பிரிப்பதை நிராகரிக்கிறேன். ஒழுங்குக்காகப் பிரிப்பது கூடுதல் நன்மை. பாதுகாப்புக்காக, நம்பிக்கையின் அளவைப் பார்த்து, விதியோடு பிரிப்பதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். சப்நெட்டுகளின் எண்ணிக்கை எந்தத் தகுதியையும் தருவதில்லை.

இன்ஸ்டாலர் வேலை முடிந்தது என்று சொன்னதும் பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மடிக்கணினியை எடுத்து, கேமராவின் கம்பியைக் கழற்றி அதில் மாட்டுங்கள். அங்கிருந்து சர்வரின் பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு விருந்தினர் வைஃபையில் சேர்ந்து அதையே செய்யுங்கள். பிங் மட்டும் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் பதில் சொல்லாமல் இருப்பதை ரவுட்டர் மறித்ததாக எண்ணிவிடக் கூடாது. இந்தச் சோதனைக்காக சர்வரின் சொந்த ஃபயர்வாலைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். நான்கில் ஒன்று திறந்தாலும் உங்கள் அலுவலகம் இன்னும் பிரியவில்லை. அதைச் சரிசெய்த பிறகு பணம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.